தகரப்பெட்டியில் கிடைத்த பழைய இலங்கைத் தாள்கள்: 100 ரூபா எலிசபெத்தை என்ன செய்யலாம்?

கோப்பாய்க்கிளி
எல்லாருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடு மாற்றுவதற்காக அப்பப்பாவின் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம். அவர் குருநாகலில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். அலுமாரிக்கு மேலே அவருடைய கணக்குக் கொப்பிகள் ஒரு கட்டு இருந்தது. அவற்றின் ஒற்றைகளுக்கு நடுவே ஒரு ரூபா, இரண்டு ரூபாத் தாள்கள் மொத்தம் பதினேழு, மடிப்பில்லாமல் கிடைத்தன. கொப்பிக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலிபன் பிஸ்கட் தகரம். அதற்குள் பொத்தான், நூல்கட்டை, துருப்பிடித்த ஊசிகள். கொட்டிவிட்டுத் தகரத்தை எறியப் போனேன். அடியில் விரித்திருந்த பேப்பர் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே இன்னும் மூன்று தாள்: இராணியின் படம் போட்ட 100 ரூபா ஒன்று, கையில் ஏதோ ஏந்திக்கொண்டு நிற்கும் சிலை போட்ட 50 ரூபா இரண்டு. மூன்றையும் சின்னச் சதுரமாக மடித்து வைத்திருந்தார்கள். 100 ரூபாவில் மஞ்சள் கறை இருக்கிறது.

இவற்றை வங்கியில் மாற்றலாமா? கறையை எப்படி எடுப்பது? விற்றால் என்ன விலை போகும்? தம்பி மடிப்பை எடுக்கிறேன் என்று அயன் பெட்டியோடு நிற்கிறான்.

தாள்பித்தன்
முதல் வேலையாகத் தம்பியிடமிருந்து அயன் பெட்டியை வாங்கி வையுங்கள். மிச்சத்தை ஆறுதலாகக் கதைக்கலாம்.

அந்தக் காலத் தாள்களை இங்கிலாந்தில் பிராட்பரி வில்கின்சன் நிறுவனம் அச்சடித்தது. செதுக்கிய தகட்டில் மையை நிரப்பி, தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுப்பார்கள். அதனால் மை தாளின் மேலே மெல்லப் புடைத்து நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் இராணியின் தலைமுடி ஒவ்வொரு கோடாகத் தெரியும். சூடு வைத்து அழுத்தினால் அந்தப் புடைப்பு தட்டையாகிவிடும். மடிப்பும் முழுதாகப் போகாது. சேகரிக்கிறவன் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். அயன் போட்ட தாளை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான்.

கறையைத் தொடவே வேண்டாம். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவப்பாகும் என்பது வெள்ளைச் சட்டை தோய்த்த எல்லாருக்கும் தெரியும். தாளிலும் அதேதான் நடக்கும்.

வங்கியில் மாற்ற முடியாது. 1970 இல் என். எம். பெரேரா நிதி அமைச்சராக இருந்தபோது, அந்த ஆண்டு ஒக்டோபர் 26க்கு முந்திய 50, 100 ரூபாத் தாள்களை நவம்பர் 3 இலிருந்து செல்லாது என்று அறிவித்தார்கள். கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவரத்தான் அந்த ஏற்பாடு. உங்களிடம் உள்ள மூன்றும் அன்றே செத்துவிட்டன. கொப்பிக்குள் இருந்த சின்னத் தாள்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது.

விலையைப் பிறகு பார்ப்போம். 100 ரூபாவில் இருக்கும் திகதியையும் இரண்டு கையொப்பத்தையும் வாசித்துச் சொல்லுங்கள்.

மதுரைத்தம்பி
வணக்கம் தங்கச்சி. நம்ம ஊர்ப் பக்கம் நோட்டு என்போம், நீங்கள் தாள் என்கிறீர்கள். சேகரிக்கிற பைத்தியம் ரெண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு சின்னக் குறிப்பு: படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் போதும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஒளிக்கு எதிரே பிடித்து நீர்க்குறி தெரிய ஒன்று.

கோப்பாய்க்கிளி
அயன் பெட்டியைப் பறித்துவிட்டேன் அண்ணை. தம்பி கோபத்தில் இருக்கிறான்.

திகதி 1954 ஒக்டோபர் 16. கையொப்பம் ஒன்று எம். டி. எச். ஜயவர்த்தன போல இருக்கிறது, மற்றது ரணசிங்க. சின்னத் தாள்களில் பெரும்பாலானவற்றில் சிங்கம் போட்ட சின்னம்தான் இருக்கிறது. ஒரேயொரு நீல ஒரு ரூபாவில் மட்டும் அரசர் இருக்கிறார், திகதி 1951 ஜனவரி 20.

ஒன்று விளங்கவில்லை. சுதந்திரம் கிடைத்தது 1948 இல். பிறகெதற்கு 1951 இல் அரசர், 1954 இல் இராணி?

தாள்பித்தன்
1951 ஜனவரி 20! அதைக் கடைசி வரியில் சொல்கிறீர்களே பிள்ளை.

இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட முதல் தாள்கள் அந்தத் திகதியோடுதான் வந்தன. இரண்டே இரண்டு பெறுமதி: ஒரு ரூபா நீலம், பத்து ரூபா பச்சை. சேகரிக்கிறவர்கள் பார்க்கிற, தாள்களுக்கு எண் போட்ட பிக் பட்டியலில் 47, 48. வங்கி 1950 ஆகஸ்ட் 28 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு தாள் வெளியிட்டது இலங்கை அரசாங்கம். 1948 இலும் 1949 இலும் திகதியிட்ட அரசாங்கத் தாள்கள் உண்டு. பார்த்தால் சுதந்திரத்துக்கு முந்தியது மாதிரியே இருக்கும், திகதியை வாசித்தால்தான் பிடிபடும்.

அரசர் ஏன் என்றால், 1948 இல் நாங்கள் குடியரசாகவில்லை. முடியின் கீழ் இருந்த டொமினியன். 1972 மே 22 வரை அப்படித்தான்.

மதுரைத்தம்பி
இங்கே கதை வேறு. இந்தியாவில் 1949 ஒரு ரூபாய் நோட்டிலேயே அரசரை எடுத்துவிட்டுச் சாரநாத் சிங்கத்தை வைத்துவிட்டார்கள். 1950 இல் குடியரசு ஆனதும் மற்ற நோட்டுகளும் மாறின. அதற்கு அடுத்த வருடம் நீங்கள் புதிதாகத் திறந்த வங்கியின் பெயரில் புது நோட்டு அடித்து, அதில் ஆறாம் ஜார்ஜை உட்கார வைத்திருக்கிறீர்கள்!

நம் நாசிக் அச்சகத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. புது நாடுகளுக்கு முதல் நோட்டு அடித்துக் கொடுப்பதே அதற்கு வேலை. பாகிஸ்தானுக்கு 1948 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நோட்டிலேயே ‘பாகிஸ்தான் அரசாங்கம்’ என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் சேர்த்து அடித்தது நாசிக்தான். கையெழுத்து மட்டும் இந்திய அதிகாரியுடையது. 1972 மார்ச் 4 இல் வங்காளதேசத்தின் முதல் டாக்கா நோட்டுகள் வந்தன. வரைபடம் போட்ட அவையும் நாசிக் அச்சுதான்.

பழையசதம்
நான் நாணயக்காரி, தாள் பக்கம் எட்டிப் பார்க்கிறவள் மட்டும். என்றாலும் ஒரு சண்டை பிடிக்க வேண்டும். ‘சுதந்திர இலங்கையின் தாள்’ எங்கே தொடங்குகிறது? என்னைக் கேட்டால் 1948 பெப்ரவரி 4க்குப் பிறகு திகதியிட்ட எதுவும் கணக்கு.

கையொப்பம்
இல்லை அக்கா. 1951 ஜனவரி 20. அதற்கு முந்தியதெல்லாம் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சி. 1951 தாளில்தான் முதன்முதலாக இந்த நாட்டு அமைச்சர் ஒருவரின் கையொப்பமும் மத்திய வங்கி ஆளுநரின் கையொப்பமும் சேர்ந்து வருகின்றன: ஜே. ஆர். ஜயவர்த்தன, ஜோன் எக்ஸ்டர். இதில் வேடிக்கை, அந்த முதல் ஆளுநர் அமெரிக்கர். சுதந்திர நாட்டின் முதல் தாளில் பிரித்தானிய அரசரின் முகம், அமெரிக்கரின் கையொப்பம், இங்கிலாந்து அச்சு. நம்முடையது என்று சொல்ல ஜே. ஆரின் கையொப்பமும், சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய பெறுமதியும்தான்.

நான் படத்தை வைத்துச் சேர்ப்பதில்லை, கையொப்பச் சோடியை வைத்துச் சேர்க்கிறேன். ஏனென்றால் இங்கே ஆளுநர் மாறுவதைவிட வேகமாக நிதி அமைச்சர் மாறினார். 1953 ஒக்டோபர் வரை ஜே. ஆர். பிறகு சேர் ஒலிவர் குணதிலக. 1954 இல் எம். டி. எச். ஜயவர்த்தன. 1956 இல் ஸ்டான்லி டி சொய்சா. 1960க்குப் பிறகு பீலிக்ஸ் டயஸ், சி. பி. டி சில்வா, கலுகல்ல, இலங்கரத்ன என்று வரிசையாக வந்தார்கள், போனார்கள். 1962 என்ற ஒரே ஆண்டில் மூன்று பேர் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்கள். ஒரே படம், ஒரே நிறம், ஒரே இரண்டு ரூபா, கையொப்பம் மட்டும் வேறு. கடைக்காரர்கள் பலர் அதைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டில் ஒரே விலைக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அங்கேதான் எனக்கு வேட்டை.

தங்கச்சி, உங்கள் 100 ரூபாவில் இருப்பது எம். டி. எச். ஜயவர்த்தன, ஆர்தர் ரணசிங்க சோடி. நன்றாக வாசித்திருக்கிறீர்கள். பலர் ஜயவர்த்தன என்று கண்டதும் ஜே. ஆர். என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் காலத்தில் என். யூ. ஜயவர்தன என்று ஓர் ஆளுநரும் இருந்தார், அது இன்னொரு குழப்பம்.

மலைநாட்டான்
நீங்கள் 48, 51 என்று அடிபடுங்கள். என் அல்பம் 1956 ஜூலை 30 இல் தொடங்குகிறது.

பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்து, இராணியை எடுத்துவிட்டு நாட்டின் சின்னத்தைப் போட்ட தாள்கள் அவை. முடியை இறக்கிய முதல் தாள் அதுதானே. அதே ஜூலை மாதத் தொடக்கத்தில்தான், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டமும் நிறைவேறியது. சட்டத்துக்குச் சில வாரம் பிந்திய திகதி போட்ட தாளில் தமிழ் இருக்கிறது. சட்டத்தில் இல்லை, தாளில் இருக்கிறது.

எங்கள் தாத்தா ஹட்டன் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் ஆனார். சம்பள நாளில் கையில் வாங்கிய தாளில் மட்டும் அவருக்குத் தெரிந்த எழுத்து இருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான் என்று அப்பா சொல்வார், பகிடியாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா தெரியாது. அதனால்தான் எனக்கு ஒரு ரூபா, இரண்டு ரூபா மட்டும் போதும். பத்து ரூபாவுக்கு மேல் நான் வாங்குவதில்லை.

தாள்பித்தன்
மலைநாட்டார் சொன்னதோடு ஒன்று. ஆட்சி மாறும்போதெல்லாம் தாளில் ஆள் மாறியிருக்கிறார். 1956 இல் பண்டாரநாயக்க இராணியை எடுத்தார். 1959 இல் அவர் சுடப்பட்டு இறந்தார். 1962 இல், அவர் மனைவி சிறிமாவோ பிரதமராக இருந்த காலத்தில், பண்டாரநாயக்கவின் படமே தாளில் வந்தது. 1965 இல் ஐக்கிய தேசியக் கட்சி வந்ததும் அவரை எடுத்துவிட்டுப் பராக்கிரமபாகுவைப் போட்டார்கள். பொலன்னறுவையில் கையில் ஏடு போல ஒன்றை ஏந்தி நிற்கும் சிலை. தங்கச்சியின் 50 ரூபா இரண்டும் அதுதான். 1970 இல் சிறிமாவோ திரும்பி வந்தார், தாளில் பண்டாரநாயக்கவும் திரும்பி வந்தார். கடைசியில் 1979 இல் ஜே. ஆர். காலத்தில் மனிதரே வேண்டாம் என்று பறவை, பூ, வண்ணத்துப்பூச்சி.

1956 சின்னத் தாள்கள் நிறைய அச்சானவை. பழசானது என்பதற்காகப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். ஒரு ரூபா 1963 இல் நாணயமாக மாறியது, அதனால் அதில் கடைசித் தாள் எது என்று தேடுகிறவர்கள் உண்டு, அவ்வளவுதான். எலிசபெத் வேறு. உலகம் முழுக்க ‘இராணி போட்ட தாள்’ மட்டும் சேர்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு இலங்கை வரலாறு தெரியாது, தெரியவும் வேண்டாம். இராணி இருந்தால் வாங்குவார்கள். அதோடு 100 ரூபா என்றால் 1970 இல் கிட்டத்தட்ட எல்லாமே வங்கிக்குத் திரும்பிப்போனது. மிஞ்சியவை இப்படித் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தவைதான்.

பழையசதம்
தமிழ் எழுத்து பற்றிச் சொன்னதால் ஒரு விஷயம். எண்பதுகளின் தொடக்கத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நாடு 1972 இலேயே ஸ்ரீ லங்கா ஆகிவிட்டது, தாளில் ஆங்கிலத்தில் இன்னும் ‘சென்ட்ரல் பேங்க் ஆஃப் சிலோன்’. வங்கியின் ஆங்கிலப் பெயர் 1985 இல்தான் மாறியது. தமிழில் மாற்ற ஒன்றுமே இருக்கவில்லை. அன்றும் இலங்கை மத்திய வங்கி, இன்றும் இலங்கை மத்திய வங்கி.

கோப்பாய்க்கிளி
நான் விலை கேட்க வந்தேன், நீங்கள் என்னை வகுப்பில் இருத்திவிட்டீர்கள். பரவாயில்லை, நன்றாக இருக்கிறது.

1951 ஒரு ரூபாவை யாருக்காவது காட்ட வேண்டுமா? ரவுணில் ஒருவர் ‘புதுத்தாள் மாதிரி ஆக்கித் தருகிறேன்’ என்கிறார்.

தாள்பித்தன்
வேண்டாம்! அந்தப் ‘புதுத்தாள்’ வித்தையில் நானே விழுந்தவன்.

சில வருடத்துக்கு முன்பு இணையத்தில் ஒருவரிடம் 1951 பத்து ரூபா வாங்கினேன். கசங்காத தாள் என்று சொன்னார், படத்தில் அப்படித்தான் இருந்தது. காசு கொஞ்சநஞ்சமில்லை. பொதி வந்தது, பிரித்தேன். தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதுவே எனக்கு ஒரு மாதிரியாகப் பட்டது, அந்தக் காலத் தாள் லேசான பால் நிறம். மேசை விளக்கைப் பக்கத்தில் படுக்க வைத்து, தாளைக் கண்ணுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். நடுவில் ஒரு மடிப்பு, வயிற்றுத் தழும்பு மாதிரி மெல்லத் தெரிந்தது. மடிப்பு இருந்தும் அதன் மேடு இல்லை. அதாவது ஈரமாக்கி அழுத்தியிருக்கிறார்கள். பிறகு புற ஊதாக்கதிர் விளக்கைப் பிடித்தேன். பருத்திக் கடதாசி மங்கலாகத்தான் தெரிய வேண்டும். இது நீலமாகப் பளபளத்தது, தோய்த்த வேட்டி மாதிரி. சலவைத்தூளில் வெளுப்பேற்றும் பொருள் இருக்கிறது, அது தாளில் ஒட்டிக்கொண்டால் விளக்கில் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் இருந்த பின் துளையைக் கடதாசிக் கூழால் அடைத்திருந்தார்கள், அது பத்து மடங்கு கண்ணாடியில்தான் தெரிந்தது.

திருப்பி அனுப்பலாம் என்று எழுதினால் பதில் இல்லை. இப்போது அந்தத் தாளைப் புதுசாக வருகிற பிள்ளைகளுக்குக் காட்டப் பயன்படுத்துகிறேன். எப்படி ஏமாறுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

கசங்கிய உண்மையான தாள், கழுவிய புதுத்தாளைவிட மேல். இதில் நான் யாரோடும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதுரைத்தம்பி
அண்ணன் சொன்னதற்கு ஒரு ஓட்டு. தங்கச்சி, வைப்பதற்கு ஒரு யோசனை. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். பிவிசி என்றால் அதிலிருந்து எண்ணெய் மாதிரி ஒன்று கசியும். சில வருடத்தில் நோட்டு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். மூக்கை வைத்துப் பாருங்கள், புது பிளாஸ்டிக் வாசம் தூக்கினால் வாங்காதீர்கள். அப்புறம், இராமபாணப் பூச்சிக்குக் காகிதத்தில் இருக்கிற பசை விருந்து. சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். செலோடேப் ஒட்டினால் நான் மதுரையிலிருந்து புறப்பட்டு வந்துவிடுவேன்.

கையொப்பம்
தரமதிப்பீட்டுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிப் பெட்டியில் அடைத்து வாங்குவது பற்றி யாரும் ஆரம்பிக்கும் முன்பே சொல்கிறேன்: 100 ரூபாவுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், சிங்கச் சின்ன ஒரு ரூபாவுக்கு அனுப்பினால் தபால் செலவுகூடத் திரும்பாது.

பழையசதம்
எல்லாரும் திகதி, கையொப்பம் என்று பார்க்கிறீர்கள். நான் தங்கச்சியின் முதல் பதிவைத் திரும்ப வாசித்தேன்.

தங்கச்சி, அந்த மூன்று தாளிலும் எத்தனை மடிப்பு? மஞ்சள் எந்த இடத்தில் இருக்கிறது?

கோப்பாய்க்கிளி
மூன்றிலும் மூன்று மடிப்பு அக்கா. விரித்தால் எட்டுக் கட்டம். 100 ரூபாவில் மஞ்சள் இரண்டு கட்டத்தில் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில். திரும்ப மடித்துப் பார்த்தால் மேலே வருகிற கட்டம் ஒன்று, கீழே வருகிற கட்டம் மற்றது. விரல் பட்ட அடையாளம் மாதிரி இருக்கிறது.

பழையசதம்
அப்படியென்றால் மடித்த பிறகு மஞ்சள் கையால் பிடித்திருக்கிறார்கள். பெருவிரல் மேலே, சுட்டுவிரல் கீழே.

சுருட்டுக்கடைக்காரர் தாளை எட்டாக மடிப்பாரா? கல்லாப்பெட்டியில் விரித்து அடுக்குவார், இல்லையென்றால் ஒன்றாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். கொப்பிக்குள் இருந்த பதினேழும் மடிப்பில்லாமல் இருந்தன என்றுதானே சொன்னீர்கள்?

அந்தத் தகரம் பொத்தானும் ஊசியும் வைத்த தகரம். அது யாருடையது?

மலைநாட்டான்
வேட்டி மடியில் செருகுகிற ஆளும் சின்னதாகத்தான் மடிப்பார், அக்கா. எங்கள் தாத்தா அப்படித்தான்.

பழையசதம்
மடியில் செருகினால் வியர்வை படும், ஓரம் நைந்துபோகும், வெளிக்கட்டம் கறுக்கும். தங்கச்சி, வெளிக்கட்டம் அழுக்காக இருக்கிறதா?

கோப்பாய்க்கிளி
இல்லை. மஞ்சளைத் தவிரச் சுத்தமாக இருக்கிறது. ஓரமெல்லாம் கூராக இருக்கிறது.

நான் தகரத்தைப் பற்றி யோசிக்கவேயில்லை. அப்பப்பாவின் கொப்பிக்குப் பக்கத்தில் இருந்ததால் அவருடையது என்று நினைத்துவிட்டேன். மாமியிடம் கேட்கிறேன்.

கையொப்பம்
ஒரு சின்னத் திருத்தம் சொல்லிவைக்கிறேன், கோபிக்க வேண்டாம். 100 ரூபாவில் 1954 என்று இருப்பதால் 1954 இல் எடுத்து வைத்தார்கள் என்று எண்ண வேண்டாம். திகதி அந்தத் தாளின் வயதைத்தான் சொல்லும், அது எப்போது கைக்கு வந்தது என்பதைச் சொல்லாது. பராக்கிரமபாகு 50 ரூபா இரண்டும் 1965க்குப் பிறகு வந்தவை. ஆக, குறைந்தது அந்த இரண்டும் அறுபதுகளின் பிற்பகுதியில்தான் தகரத்துக்குள் போயிருக்க வேண்டும். 1970க்கு முன்பு.

கோப்பாய்க்கிளி
மாமியோடு கதைத்தேன். அப்பாவின் அக்கா, இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். படத்தை அனுப்பிவிட்டு வைக்கவில்லை, உடனே அழைப்பு வந்துவிட்டது.

தகரம் அப்பம்மாவுடையது. முட்டையும் முருங்கைக்காயும் விற்ற காசு, சீட்டில் மிஞ்சிய காசு. சில்லறைத் தாள் சேரச் சேரச் சந்திக் கடையில் கொடுத்துப் பெரிய தாளாக மாற்றிக்கொண்டு வருவாராம், ஒளிக்கச் சுகம் என்று. சமைத்துக்கொண்டிருக்கும்போது யாரும் வந்தால் கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய் ஒளித்துவிட்டு வருவாராம். அக்கா, உங்களுக்குப் பெரிய கும்பிடு.

1970 இல் மாமிக்குப் பன்னிரண்டு வயது. அறிவிப்பு வானொலியில் வந்ததாம். அந்த வாரம் அப்பப்பா குருநாகலிலிருந்து வந்து, கடைக்காசை எல்லாம் வங்கியில் கட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, ‘வீட்டிலை பெரிய தாள் ஏதும் கிடக்கோ?’ என்று கேட்டிருக்கிறார். மாமி பக்கத்தில் இருந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாராம். தகரம் மடியில். அப்பம்மா குசினிக்குள் இருந்தபடியே, ‘என்னட்டை எங்காலை நூறு ரூபா?’ என்றாராம்.

அவர் நூறு ரூபா என்று கேட்கவேயில்லை.

அப்பப்பா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். மாமிக்குத் தோடு செய்யச் சேர்த்த காசு அது. சொல்லியிருந்தால் மாற்றியிருக்கலாம், பிறகு அது கடைக்குப் போயிருக்கும் என்று மாமி சொல்கிறார். ‘ரெண்டிலை ஒண்டு போகத்தான் இருந்தது’ என்றார்.

மலைநாட்டான்
என் வேட்டிமடி வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

தாள்பித்தன்
முப்பது வருடமாக, 1970 இல் செல்லாமல் போன தாள்களைத் தேடுகிறேன். ஏன் மாற்றவில்லை என்ற கேள்விக்குக் கள்ளக்காசு, வரிப் பயம், மறதி, இவற்றைத் தவிர வேறு பதிலை நான் நினைத்ததில்லை.

விற்பதா வைப்பதா என்பது உங்கள் வீட்டு விஷயம். வைப்பதென்றால் 100 ரூபாவை விரித்தே வையுங்கள். மடித்தபடி வைத்தால் கோட்டிலேயே தாள் அறும். கோடுகள் சந்திக்கிற இடத்தில் ஏற்கெனவே துளை விழத் தொடங்கியிருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொழும்புக்கு வந்தால் கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போங்கள். உங்கள் தாள்களின் கசங்காத சோடிகளை அங்கே பார்க்கலாம்.

கோப்பாய்க்கிளி
துளை இருக்கிறது, ஊசிமுனை அளவில் ஒன்று.

மாமி வீடியோவில் ஒருக்கால் பழையபடி மடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு விரித்து வைத்துவிட்டேன்.

தாள்பித்தன்
இனி மடிக்காதேயுங்கோ பிள்ளை! மாமி கேட்டாலும்.

கையொப்பம்
ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தகரத்தின் அடியில் விரித்திருந்த அந்தப் பேப்பரை எறிந்துவிடவில்லைதானே? அதில் திகதி இருந்தால் கடைசியாக எப்போது அடியைத் திறந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

கோப்பாய்க்கிளி
எறியவில்லை அண்ணை. மேல் ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டது, திகதி இல்லை. மிஞ்சியிருப்பது ஒரு சவர்க்கார விளம்பரத்தில் பாதி.